விரலி ஒரு பை, பெட்டகம் அன்று



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அளவில் மிகச் சிறியது. சட்டைப் பையில் போட்டால் இருக்கும் இடமே தெரியாது. ஆனால் பிள்ளையின் பள்ளிப் பயிற்சி, மகளின் திருமணப் படங்கள், மகனின் வேலை விண்ணப்பம், தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழின் நகல் எனக் குடும்பத்தின் உடைமைகள் பலவும் அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. கடையில் அதைப் பென் டிரைவ் என்று கேட்டு வாங்குகிறோம். தம்ப் டிரைவ் என்று சொல்வாரும் உண்டு. கட்டைவிரல் அளவே இருப்பதால் தமிழில் அதை விரலி என்கிறோம். இந்த உரையில் அந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம்.

விரலியின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. இதனுள் இருக்கும் நினைவகத்தை 1980களில் உருவாக்கியவர் ஜப்பானியப் பொறியியலாளர் ஃபூஜியோ மசுவோக்கா. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் தம்ப் டிரைவ் என்ற பெயரில் விரலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றும் அதே காலத்தில் இதனை வடிவமைத்தது. சிலாங்கூர் மாநிலத்துச் செகிஞ்சானைச் சேர்ந்த புவா கெய்ன் செங், தைவானுக்குப் படிக்கச் சென்று, 2000ஆம் ஆண்டில் நண்பர்களோடு ஃபைசன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விரலியை இயக்கும் பகுதிகளை ஒரே சில்லுக்குள் அடக்கிக் காட்டியது அந்நிறுவனம். நெல்வயலும் மீன்பிடியும் சூழ்ந்த சிற்றூரிலிருந்து புறப்பட்ட பிள்ளை உலகச் சந்தையில் இடம் பிடித்தான் என்பதை நம் மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

தொடக்கத்தில் வந்த விரலி 8 மெகாபைட் கொண்டது. இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 32 கிகாபைட் விரலியோ, அந்நாளில் நாம் பயன்படுத்திய பிளாப்பித் தட்டுகள் இருபதாயிரத்துக்கு மேல் சேர்ந்தாலும் கொள்ளாத அளவைக் கொள்ளும். இவ்வளவு கொள்வதனாலேயே ஒரு மயக்கம் பிறக்கிறது. எல்லாவற்றையும் அதில் போட்டு, அலமாரியில் வைத்துவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

நேயர்களே, பால்மரம் வெட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். வெட்டிய பாலை வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனோம். வாளி சுமப்பதற்கு ஏற்ற கருவி. வாளியிலேயே பாலை நாள் கணக்கில் வைத்திருந்தவர் உண்டா? விரலியும் அப்படித்தான். ஓரிடத்திலிருந்து வேறோரிடத்திற்குக் கொண்டுபோக ஏற்ற பை அது. பெட்டகமாக அதை நம்பக் கூடாது. இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால், இனி நாம் சொல்லப்போகும் எல்லாம் எளிதில் விளங்கும்.

ஏன் நம்பக் கூடாது? விரலிக்குள் சுழலும் தட்டு இல்லை, நாடாவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சிற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு மின்னேற்றம் அடைபட்டிருக்கிறது. அந்த ஏற்றத்தின் அளவுதான் நம் எழுத்தாகவும் படமாகவும் பாட்டாகவும் மாறுகிறது. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அறையின் சுவர் சிறிது தேய்கிறது. ஆகவே இத்தனை முறைதான் எழுதலாம் என்று ஓர் எல்லை உண்டு. எழுதாமல் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும், ஓட்டைப் பானையில் நீர் கசிவதுபோல் மின்னேற்றம் மெல்லக் கசியும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையிலும் அடுப்படியிலும் விரலியை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி வாங்கும் முறையைப் பார்ப்போம். பசார் மாலாமிலும் இணையத்திலும் 2 டெராபைட் என்று எழுதிய விரலியை மிக மலிவாக விற்பார்கள். மயங்காதீர்கள். அதனுள் இருப்பது சிறிய நினைவகமே. பெரிய அளவைப் பொய்யாகக் காட்டுமாறு அதன் சில்லை மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிறையும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்குப் பின் போடும் கோப்புகளின் பெயர் மட்டும் தெரியும். திறந்தால் ஒன்றும் இராது. புதிய விரலி வாங்கினால் அதை முழுவதும் நிரப்பி, கடைசியாகப் போட்ட கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். ஆனால் 32 கிகாபைட் விரலி கணினியில் 29.8 என்று காட்டினால் அது ஏமாற்று அன்று. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1024, 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு வருகிறது. விரலியில் இடம் நிறைய இருக்கிறது, திருமணக் காணொளி மட்டும் ஏறவில்லை, ஏன் என்று கேட்கிறார்கள். பல விரலிகள் ஃபேட்32 என்னும் முறையில் அமைந்து வருகின்றன. அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் இருக்க முடியாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் என்னும் முறைக்கு மாற்றினால் ஏறும். பழைய தொலைக்காட்சியும் கார் வானொலியும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். ஆகவே பாட்டுக் கேட்கும் விரலியைப் பழைய முறையிலேயே விட்டுவிடுங்கள்.

பெற்றோர்களே, அடுத்து வருவதைக் கவனமாகக் கேளுங்கள். நம் பிள்ளைகள் பள்ளிப் பயிற்சியை அச்சிடப் பட்டணத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்குள்ள ஒரே கணினியில் நாள் முழுவதும் எத்தனையோ பேரின் விரலிகள் செருகப்படுகின்றன. ஒரே துண்டில் ஊரெல்லாம் முகம் துடைத்தால் கண்ணோய் பரவாமல் இருக்குமா? 2008ஆம் ஆண்டில் கான்ஃபிக்கர் என்ற நச்சுநிரல் தோன்றி, உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளுக்குப் பரவியது. அது பரவிய வழிகளில் விரலியும் ஒன்று. 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், இணையத் தொடர்பே இல்லாத ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையக் கணினிகளையே தாக்கியது. விரலி வழியாகப் பரவும் திறன் அதற்கு இருந்தது. காவலும் கதவும் உள்ள இடத்துக்கே அந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கணினி எம்மாத்திரம்?

இதற்கு வழி எளியது. அச்சுக் கடைக்கென்று தனியாக ஒரு சிறு விரலி வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட வேண்டிய கோப்பை மட்டும் அதில் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் நச்சுநிரல் தடுப்பு உள்ள கணினியில் சோதித்து, முழுவதும் துடைத்து வையுங்கள். கடையிலிருந்து வந்த விரலியில் உங்கள் கோப்புறைகள் மறைந்து, அவற்றின் பெயரில் குறுக்குவழிப் படங்கள் மட்டும் தெரிந்தால், அவற்றைத் தொட்டுத் திறக்காதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்கமாட்டா, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். பதறி எல்லாவற்றையும் அழித்துவிடாமல், தெரிந்த ஆசிரியரிடமோ இளைஞரிடமோ கொண்டுபோனால் மீட்டுத் தருவார்.

வழியில் கிடந்த விரலியை எடுத்து வந்து செருகிப் பார்ப்பதும் ஆபத்து. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 விரலிகளை வேண்டுமென்றே ஆங்காங்கே போட்டுவைத்தார்கள். 2016ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய பாதி விரலிகளை, அதாவது 45 விழுக்காட்டை, எடுத்தவர்கள் செருகி உள்ளிருந்த கோப்பைத் திறந்துவிட்டார்கள். படித்தவர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படி. யாருடையது என்று பார்க்கும் நல்லெண்ணம்கூட நம்மைச் சிக்கவைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நம் விரலி தொலைந்தால் என்ன ஆகும்? அதில் அடையாள அட்டையின் படமும், சேமநிதிக் கணக்கின் அறிக்கையும், வங்கிப் புத்தகத்தின் நகலும் இருந்தால், எடுத்தவர் கையில் நம் வீட்டுச் சாவியைக் கொடுத்தது போலாகும். இத்தகைய தாள்களைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் விரலியில் வைக்க வேண்டும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கடவுச்சொல்லாக அடையாள அட்டை எண்ணையோ பிறந்த நாளையோ வைக்காதீர்கள். அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த நாள் என்பது எல்லாருக்கும் தெரியும். நீங்கள் மட்டும் அறிந்த நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், பிறர் ஊகிக்கவும் முடியாது. வீட்டில் இன்னொருவருக்கும் அச்சொல் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. அழித்தேன் என்று நாம் அழுத்தும் பொத்தான் கோப்பை உடனே அழிப்பதில்லை. பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கிறது, அவ்வளவே. ஆகவே விரலியைப் பிறருக்குக் கொடுக்குமுன், விரைவு முறையை விட்டு, முழு முறையில் துடைத்துக் கொடுங்கள். இதில் நன்மையும் உண்டு. தவறுதலாக ஒரு படத்தை அழித்துவிட்டால், அதன்மேல் வேறெதையும் எழுதாமல் உடனே நிறுத்துங்கள். மீட்க வாய்ப்பு உண்டு.

இதுவரை காவலைப் பற்றிச் சொன்னோம். இனி விரலியைக் கொண்டு குடும்பம் செய்யத்தக்க மூன்று வேலைகளைச் சொல்வோம்.

முதலாவது, குடும்ப ஆவணத் தொகுப்பு. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குடியுரிமைத் தாள், பள்ளிச் சான்றிதழ், சேமநிதி, சொக்சோ தாள்கள், வீட்டு நிலப் பத்திரம் ஆகியவற்றைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் பிடியுங்கள். அலுவலகம் மூலத் தாளைத்தான் கேட்கும் என்பது உண்மை. ஆனால் வெள்ளத்திலோ தீயிலோ மூலம் போய்விட்டால், அதன் எண்ணும் தேதியும் தெரிந்தால்தான் மறுபடி விண்ணப்பிப்பது எளிது. ஒரு தாள் இல்லாததால் பள்ளியில் சேர்வதற்கும் வேலைக்கும் அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். இதற்குக் கணினி வேண்டியதில்லை. கைப்பேசியில் நேரே செருகும் இருமுனை விரலி கடைகளில் கிடைக்கிறது. பூட்டுப் போடத் தெரியாதவரை, அந்த விரலி வீட்டைவிட்டு வெளியே போகாதிருக்கட்டும்.

இரண்டாவது, முதியோர் குரல். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. அங்கு வாழ்ந்த வாழ்க்கை நம் தாத்தா பாட்டியரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து, எந்தத் தோட்டம், எந்த நிரை, முதற் சம்பளம் எவ்வளவு, கோயில் திருவிழா எப்படி நடந்தது, தாலாட்டு என்ன பாடினார்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசவையுங்கள். தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதி ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும். கோப்பின் பெயரிலும் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், பேசியவர் பெயர் என்று எழுதினால், பல ஆண்டுக்குப் பின்னும் தேடி எடுக்கலாம்.

மூன்றாவது, பழைய கணினிக்கு உயிர் கொடுத்தல். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதற்காகப் பழைய கணினியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை 8 கிகாபைட் விரலியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ளது எதுவும் மாறாது. பிடித்திருந்தால் பிறகு நிறுவிக்கொள்ளலாம். விரலியில் முன்பு இருந்தவை மட்டும் அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

நேயர்களே, இறுதியாக ஒரு கணக்கு. ஒரே பிரதி இருந்தால் ஒன்றும் இல்லை என்றே எண்ணுங்கள். கைப்பேசியிலோ கணினியிலோ ஒன்று, விரலியில் ஒன்று, வேறோர் ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ ஒன்று என மூன்றாக வையுங்கள். படியெடுத்து முடிந்ததும், விளக்கு மினுக்குவது நின்ற பிறகு, முறைப்படி விடுவித்து விரலியைக் கழற்றுங்கள். செருகியே வைத்திருந்தால், கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்கிறோம் அல்லவா? அந்த வாரத்தில் விரலியையும் எடுத்துத் திறந்து பாருங்கள். பழையதாகிவிட்டால் உள்ளிருப்பதைப் புதியதற்கு மாற்றுங்கள். தொலைந்த விரலிக்கு வேறொன்றைக் கடையில் வாங்கிவிடலாம்; பாட்டி பாடிய தாலாட்டை எந்தக் கடையில் வாங்குவது?