அளவிலா விண்ணுக்கு ஓர் அளவு



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்வோர் மணலின் வரலாற்றை அறிவர். இக்கடலோரத்து மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. 1876இல் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணி அவ்வோட்டத்தை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையை விழுங்கியது. பாறைகளைக் கொட்டித் தடுக்க நேர்ந்தது. இங்கே வரத்தை மறித்தது கருங்கல் சுவர். பேரண்டத்தில் மறிப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒன்று.

ஈர்ப்பு கூட்டிச் சேர்க்கும் இயல்பினது. விண்மீன்கள் கூடி மண்டலமாகின்றன. மண்டலங்கள் கூடிக் கொத்தாகின்றன. கொத்துகள் கூடி மாபெருங்கொத்தாகின்றன. இவ்வளர்ச்சிக்கு முடிவுண்டா? 1998இல் இரு ஆய்வுக்குழுக்கள் தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்து, பேரண்டத்தின் விரிவு விரைவடைந்து வருவதைக் கண்டன. அதற்குக் காரணமாகக் கருதப்படும் இருள் ஆற்றல், பேரண்டத்தின் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு. தொலைவு கூடினால் ஈர்ப்பு மெலியும். இருள் ஆற்றலின் விலக்கமோ வலுக்கும். இரண்டும் சமமாகும் தொலைவே எல்லை. அதற்கு அப்பாலுள்ள பொருள் வந்து சேராது, விலகியே செல்லும். நிறை 8 மடங்கானாலும் அவ்வெல்லையின் ஆரம் 2 மடங்கே ஆகும்.

கரையோடு இட்ட ஒப்புமை இங்கே முறிகிறது. கரையைக் கடல் அரித்தது; ஈர்ப்பால் இறுகிவிட்ட கொத்தை, மாறா அளவுடைய இருள் ஆற்றல் அரிப்பதில்லை.

2017இல் புனே அறிஞர்கள் மீன ராசித் திசையில், 400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு மாபெருங்கொத்தைக் கண்டறிந்து சரசுவதி எனப் பெயரிட்டனர். குறைந்தது 43 கொத்துகள். 60 கோடி ஒளியாண்டு நீளம். 200 கோடி கோடி சூரியன்களின் நிறை. அத்தனை நிறைக்கும் கணக்குத் தரும் எல்லை ஆரம் ஏறத்தாழ 10 கோடி ஒளியாண்டுதான்! முழுவதும் ஒன்றாய்த் திரண்டு நிற்க வழியில்லை. நடுப்பகுதி தன்னுள் சுருங்கி வரக்கூடும் என்பதே ஆய்வாளர் கணிப்பு. கடல் சேராத ஆற்றின் பெயர் அதற்கு வாய்த்ததை என்னென்பது!

பால்வெளி அமைந்துள்ள மாபெருங்கொத்துக்கு 2014இல் இட்ட பெயர் லனியாக்கேயா. ஹவாய் மொழியில் அளவிலா விண் என்று பொருள். கவிஞர் எவரும் பொறாமை கொள்ளத்தக்க பெயர். ஆயினும் அது ஒரு கட்டுக்குள் நிற்பதன்று, காலப்போக்கில் சிதறிப்போவது. பால்வெளியும் ஆண்ட்ரோமீடாவும் பிரியாமல் இருக்கும். ஐந்து கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பாலுள்ள கன்னிக் கொத்தோ இறுதியில் கைக்கெட்டாமல் விலகிவிடும். வானை எல்லையற்றது என்று பாடும் கவிஞர், வெளியைப் பாடுகிறாரா, அதில் கூடி வாழும் பொருள்களைப் பாடுகிறாரா என்று இனிப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இக்கணக்கெல்லாம் இருள் ஆற்றல் மாறாதது என்னும் கொள்கையின்மேல் நிற்பவை. அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்து நடைபெறும் ஆய்வு 2024, 2025 ஆண்டுகளில் வெளியிட்ட அளவீடுகள், அது மெல்லத் தளர்ந்து வரலாம் என்ற ஐயத்தை எழுப்பியுள்ளன. முடிவு உறுதியாகவில்லை. உறுதியானால், எல்லைக் கோட்டை மறுபடியும் வரைய வேண்டியிருக்கும்.