வேடிக்கையா? வினையா?

('ஒலியால் ஒத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் நமக்குப் பெரிதும் தருவது வேடிக்கையே! வினையே!' என்ற பட்டிமன்றத்தில் 'வினையே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எதிரணிச் சகோதரி இப்போதுதான் உங்களை எல்லாம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். மனைவி தொலைபேசியில், "வரும்போது அரைக் கிலோ ஃப்ளவர் வாங்கிட்டு வாங்க" என்றாராம். அவர் கேட்டது மாவு. கணவர் அரைக் கிலோ மல்லிகைப்பூவோடு வந்து நின்றாராம். நல்ல நகைச்சுவை, நானும் சிரித்தேன். ஆனால் நடுவர் அவர்களே, மல்லிகை விற்கிற விலையில் அது வேடிக்கையா வினையா என்று காசு கொடுத்த அந்தக் கணவரையல்லவா கேட்க வேண்டும்! (சிரிப்பு)

சகோதரி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மாவைக் குறிக்கும் ஃப்ளவரும் பூவைக் குறிக்கும் ஃப்ளவரும் பிறப்பால் ஒரே சொல். தானியத்தை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் உயர்ந்த பகுதியை, மாவின் 'பூ' என்று ஆங்கிலேயர்கள் சொன்னார்கள். பிற்காலத்தில்தான் எழுத்தை மாற்றி இரண்டு சொல்லாக்கினார்கள். ஆக, அந்தக் கணவர் செய்தது தப்பே இல்லை. கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டார், அவ்வளவுதான்! (கைதட்டல்)

இன்னொன்று பாருங்கள். பேனா, பென்சில், தாள் விற்கிற கடையில் 'ஸ்டேஷனரி' என்று பலகை தொங்குகிறது. நகராமல் நிற்பதற்கும் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி' என்றுதான் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் வணிகர்கள் பலர் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டிப் புத்தகம் விற்றவர்களோ ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். நிலையாக இருந்ததால் அவர்களுக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர். அவர்கள் விற்ற சரக்கு 'ஸ்டேஷனரி'. இன்றைக்குக் கடைசிப் பகுதியில் 'ஏ' போட்டால் நகராதது, 'இ' போட்டால் எழுதுபொருள். குழந்தைகளே, கடிதம் போடும் 'என்வலப்' என்ற சொல்லும் 'இ' எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டால் தேர்வில் தப்பு வராது.

எதிரணித் தலைவர் கேட்டார், "எழுத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடுமே, பிறகு என்ன வினை?" என்று. ஐயா, எழுத்தைக் கண்ணால் பார்த்தால் தெரியும். காதால் கேட்கும்போது? காதுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதே!

நம் தமிழிலும் மயங்கொலி உண்டு. அலை, அளை, அழை மூன்றையும் ஒன்றாகச் சொன்னால் அது நம் நாக்கின் குற்றம். ஒழுங்காக உச்சரித்தால் மூன்றும் மூன்றாகக் கேட்கும். ஆங்கிலத்தில் எப்படி? இரண்டு என்ற எண்ணும் 'டூ'. 'இந்த இடம் வரைக்கும்' என்று சொல்வதற்கும் 'டூ'. லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர் வந்து ஒழுங்காகச் சொன்னாலும் டூ டூதான். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இந்த 'டூ'வைக் கேட்டு யாரும் சிரிக்க முடியாத ஒரு நாள் உண்டு. 1989 பிப்ரவரி 19. ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று, போயிங் 747, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிறது. தரையிறங்கும் நேரம். கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வருகிறது: இறங்குங்கள், "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ". அவர் சொன்னது இரண்டு, நான்கு, சுழி, சுழி. அதாவது 2,400 அடி. விமானி அந்த 'டூ'வை எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. '400 அடி வரைக்கும் இறங்கு' என்று எடுத்துக்கொண்டார். "சரி, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதிலும் சொன்னார். அந்தப் பதிலில் ஒரு 'டூ' குறைகிறது. யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த 4 பேரும் மாண்டுபோனார்கள். விபத்துக்கு வேறு தவறுகளும் துணை நின்றன, மறைக்கவில்லை. ஆனால் தொடங்கி வைத்தது ஒரு 'டூ'.

மாவுக்குப் பதில் பூ வந்தால் வேடிக்கை. 2,400-க்குப் பதில் 400 வந்தால்? சொல்லுங்கள் சகோதரி! (பலத்த கைதட்டல்)

அது ஆகாயத்தில். தரையில் நம் வீட்டு மருந்து டப்பாவுக்கு வருவோம். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒரு மாத்திரையை அமெரிக்காவில் 'லோசெக்' என்று விற்றார்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை 'லாசிக்ஸ்' ஏற்கெனவே அங்கே இருந்தது. லோசெக், லாசிக்ஸ்! சொல்லிப் பாருங்கள், நாக்கே தடுக்குகிறது. இரண்டையும் மாற்றிக் கொடுக்கும் குழப்பம் வந்து, 1990-இல் லோசெக்கின் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள். 2016-இல் மறுபடியும் இதே கதை. மனச்சோர்வுக்கான 'பிரின்டெலிக்ஸ்', ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் 'பிரிலின்டா'வோடு குழம்புகிறது என்று 'டிரின்டெலிக்ஸ்' ஆனது. விற்பனைக்கு வந்துவிட்ட மருந்தின் பெயரை மாற்றுவது என்றால் சும்மாவா? வேடிக்கைக்காகவா ஐயா அவ்வளவு செலவு செய்து பெயரை மாற்றுவார்கள்?

இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கிற வினை ஒன்று உண்டு. நான் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவன். முதலாண்டில் கல்லூரி முதல்வருக்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன். 'பிரின்சிபல்' என்ற சொல்லின் கடைசியில் 'பி ஏ எல்' என்று எழுதினால் முதல்வர். 'பி எல் இ' என்று எழுதினால் கொள்கை. நான் கொள்கைக்கு எழுதிவிட்டேன். அலுவலகத்தில் ஒருவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்து, "கொள்கைகிட்டேயே லீவு கேக்கிறான் பாருங்கய்யா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்புத்தான். அன்றைக்கு? அதற்குப் பிறகு மூன்று ஆண்டும் ஆங்கில வகுப்பில் நான் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. எழுந்து கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். ஒரு எழுத்துத் தப்பு ஒரு நிமிடத்தில் திருத்தக்கூடியது. அந்தச் சிரிப்பு என் வாயை மூன்று ஆண்டு பூட்டிவிட்டது. (அரங்கம் அமைதி)

விமானிகளைப் பாருங்கள். அவர்கள் மொழியில் ஒன்பதை 'நைன்' என்று சொல்லக்கூடாது, 'நைனர்' என்று சொல்ல வேண்டும். ஐந்து அவர்களுக்கு 'ஃபைஃப்'. மூன்று, 'ட்ரீ'. நம் வீட்டுப் பிள்ளை மூன்றை 'ட்ரீ' என்று சொன்னால் "மரமாடா?" என்று கேலி செய்கிறோம். உலகமெல்லாம் விமானிகளுக்கு அதுதான் விதி! (சிரிப்பு, கைதட்டல்) கேட்ட உத்தரவை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அங்கே யாரும் யாரையும், "இதுகூடப் புரியலையா?" என்று கேட்பதில்லை. ஏனென்றால் அங்கே ஒலி ஒற்றுமையை வினை என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். நாமோ வேடிக்கை என்று நினைக்கிறோம். அதனால்தான் திருப்பிக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நாளைக்கு மருந்துக்கடையில் ஒரு வயதான தாய் நிற்பார். "ஃபிஃப்டீன் எம்.ஜி. போடுங்கம்மா" என்று சொன்னது அவர் காதில் 'ஃபிஃப்டி' என்று விழும். பதினைந்தா, ஐம்பதா? அவருக்குச் சந்தேகம் வரும். கேட்கத் தயங்குவார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்களோ என்று நினைப்பார். அம்மா, தாயே, வெட்கப்படாதீர்கள்! "ஒண்ணு, அஞ்சா? இல்லே, அஞ்சு, சுழியா?" என்று விரலை மடக்கிக் கேளுங்கள். தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரத் தம்பிகளே, அந்தத் தாய் இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஓர் உயிர் இருக்கலாம்.

நடுவர் அவர்களே, எதிரணி தந்த சிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அது நல்ல சிரிப்பு. ஆனால் ஒரே ஒலி இரண்டு பொருளாகி வரும்போது, நஷ்டம் மல்லிகைப்பூவோடு நின்றால்தான் அது வேடிக்கை. எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே பெரிதும் தருவது வினையே, வினையே என்று தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.

(நீண்ட கைதட்டல்)