தீர்ப்பெழுதுவது செய்தியின் வேலையன்று

(பெங்களூரு ஜோகுபாளையத்தில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2011 ஜூன் 11 அன்று மும்பையின் பொவாய் பகுதியில் மூத்த செய்தியாளர் ஜோதிர்மய் டே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் அதே ஆண்டு நவம்பரில் கைது செய்யப்பட்டவர்களுள் ஜிக்னா வோராவும் ஒருவர்; அவரும் நாளிதழ்ச் செய்தியாளரே. மகாராஷ்டிரத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம் அவர்மீது ஏவப்பட்டது. ஏறத்தாழ 9 மாதச் சிறைவாசத்துக்குப் பின்னரே பிணை கிடைத்தது. 2018 மே மாதம் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மறு ஆண்டு மும்பை உயர் நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது.

அவருடைய சிறை நினைவுகளைத் தழுவி ஹன்சல் மேத்தா இயக்கிய ‘ஸ்கூப்’ தொடர் 2023 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. கொலையாளி யார் என்ற புதிரைவிட, செய்தி எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதே அதன் மையம். பெயர் வெளியிடாத அதிகாரி ஒரு தகவலைக் கசியவிடுகிறார். அது தலைப்புச் செய்தியாகிறது. நேற்றுவரை உடன் ஓடிய சக செய்தியாளர்களே இன்று அப்பெண்ணின் ஒழுக்கத்தைக் கூண்டிலேற்றுகின்றனர். நீதிமன்றம் கூடுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

இது மும்பைக்கு மட்டும் உரிய கதையன்று. 2012 ஆகஸ்டில் இதே பெங்களூருவில் இளம் செய்தியாளர் முதி-உர்-ரஹ்மான் சித்திக்கி பயங்கரவாதச் சதி வழக்கில் கைதானார். சதியின் ‘மூளை’ என ஊடகங்கள் அவருக்குப் பட்டம் சூட்டின. அவருக்கு எதிரான சான்று இல்லாத நிலையில் 2013 பிப்ரவரியில் அவர் விடுதலையானார். பறிபோன 6 மாதங்களை எந்தத் திருத்தக் குறிப்பு மீட்டுத் தரும்?

இவற்றைத் தனிமனிதப் பிழைகளாக மட்டும் கருதலாகாது. செய்தி சரக்காகும்போது விரைவு இலாபமாகிறது; சரிபார்த்தல் வெறும் செலவாகிறது. ஊடகங்களோ பெருமூலதனத்தின் உடைமையாகி வருகின்றன. 2014இல் நெட்வொர்க் 18 குழுமம் ரிலையன்ஸ் வசமானது. 2022 இறுதியில் என்டிடிவி அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. எதைக் கேட்கக் கூடாது என்பது அத்தகைய இடங்களில் ஆணையின்றியே விளங்கிவிடும்.

ஜோகுபாளையத் தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டறிவன்று. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் இந்நகரில் பேருந்துகள் எரிந்தன. இரு மாநிலங்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களின் காட்சிகள் திரைகளில் மீண்டும் மீண்டும் ஓடின. ஒருபுறத்துச் சினம் மறுபுறத்துச் சினத்துக்கு நெய் வார்த்தது. அன்று வேலைக்குச் செல்ல இயலாமல் கூலியிழந்தவர் இரு மொழித் தொழிலாளருமே.

ஆகவே, “ஊடகம் எல்லாமே பொய்” என்று கைகழுவிவிடலாமா? கூடாது. அந்த அவநம்பிக்கையால் பயனடைவோர் ஆள்வோரே. எதையும் நம்பாத மக்களிடம் எந்த ஊழலை அம்பலப்படுத்தினாலும் பயனில்லை. பி.லங்கேஷ் 1980இல் தொடங்கிய ‘லங்கேஷ் பத்திரிகெ’ விளம்பரத்தை ஏற்காமல் வாசகர் தந்த காசில் நடந்தது. அவர் மகள் கௌரி லங்கேஷும் விளம்பரம் நாடாமல் தம் வார ஏட்டை நடத்தினார். 2017 செப்டம்பர் 5 அன்று இந்நகரில் தம் வீட்டு வாயிலிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நேர்மையான இதழியலை வாசகர் மறந்தாலும் எதிரி மறப்பதில்லை.

கட்சி ஏட்டுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். எதிரியைச் சாடுகிறது என்பதாலேயே ஒரு தகவல் உண்மையாகிவிடாது. சரிபார்க்காத செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பும் தோழர், தம்மை அறியாமலே அந்தப் பெயரற்ற அதிகாரியின் வேலையைச் செய்கிறார். ஏட்டுடன் வாயிலில் நிற்கும் தோழரிடம், “இது உண்மையா?” என்று ஒரு தாய் கேட்பார். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, மறுதரப்பு கூறுவது என்ன என்ற மூன்றுக்கும் அவரிடம் விடை இருக்க வேண்டும். சந்தா கேட்பது அதன் பிறகே.