தீவுக்குப் புறப்படுமுன்

(போடிநாயக்கனூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சுற்றுலாவுக்கான முன்னேற்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு தாய் கேட்ட மூன்று கேள்விகளைச் சொல்கிறேன்.

சிலமலையிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேரை வேனில் இராமேசுவரம் தீவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டோம். இரண்டு நாள் பயணம், ஓர் இரவுத் தங்கல். பலர் கடலைப் பார்த்ததே இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் செலவுக் கணக்கையும் உணவுப் பட்டியலையும் வாசித்தேன். ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா எழுந்தார். "சார், வண்டியில எத்தனை பேரு? டிரைவர் முதநாள் ராத்திரி தூங்குவாரா? அங்க குடிதண்ணிக்கு என்ன செய்வீங்க?"

தினமும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் போகிறவர் அவர். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீ எரிந்ததைப் பார்த்த ஊர் எங்களுடையது. அவர் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. பயணத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம்.

அந்த மூன்று கேள்விகளையும் பிள்ளைகளிடமே கொடுத்தோம். ஒரு குழு வேனின் இருக்கைகளை எண்ணியது. ஆசிரியர்களுடன் நாங்கள் 27 பேர். பேசிவைத்த வேனில் 18 இருக்கைகள்தான். வேறு வண்டி பிடித்தோம். தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் பார்த்தோம். போக 250 கி.மீ.-க்கு மேல். இரவே கிளம்பும் யோசனையைக் கைவிட்டு, ஓட்டுநர் தூங்கி எழுந்தபின் காலை 5 மணிக்குப் புறப்பட முடிவு செய்தோம்.

இரண்டாவது குழு தனுஷ்கோடியைப் படித்தது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ஊரும், பாம்பனிலிருந்து வந்த ரயிலும் அழிந்ததை வகுப்பில் சொன்னார்கள். இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு, நிழல் இல்லை, இரவில் தங்க முடியாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால் 81 லிட்டர் என்று கணக்குப் போட்டார்கள். நீரோட்டம் வலுவானது என்பதால் அங்கே கடலில் இறங்குவதில்லை என்று விதியும் எழுதினார்கள்.

மூன்றாவது வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாருக்கு என்ன உடல் தொந்தரவு என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு மாணவியின் சீட்டு நான்காக மடித்திருந்தது: "என்னை விட்டுட்டுப் போகலன்னா சொல்றேன் சார்."

மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டு, "உன்னை விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்றேன். அவளுக்கு இழுப்பு உண்டு. சொன்னால் சுற்றுலாவிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று பயந்திருக்கிறாள். அவள் அம்மாவிடம் பேசி, மருத்துவரிடம் காட்டி, இன்ஹேலரை என் பையில் வைத்துக்கொண்டேன்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் அருகே மணற்காற்றில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மருந்தை எடுத்துக்கொண்டு வேனுக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்தாள். பிறகு எல்லோருடனும் அரிச்சல்முனைக்கு வந்து கடலைப் பார்த்தாள். அந்தச் சீட்டு வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குமுன் பெற்றோரின் கேள்விகளைக் கேளுங்கள். உடல்நிலையைச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்று முதல் நாளே வகுப்பில் சொல்லுங்கள்.