கை படாத பந்து

(வாலிபால் போட்டிப் பரிசளிப்பில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





பரிசு வழங்கும் முன் வேறொரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். மலேசியாவிலும் தாய்லாந்திலும் ஆடப்படும் அதன் பெயர் செபக் தக்ரா. 'செபக்' என்றால் மலாய் மொழியில் உதை. 'தக்ரா' என்றால் தாய் மொழியில் பின்னிய பந்து. நம் வாலிபாலைப் போலவே நடுவில் வலை உண்டு. அணிக்கு மூவர். சர்வீஸுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதற்கு மட்டும்தான் கை. மற்றபடி கால், முழங்கால், மார்பு, தலை. மூன்று தொடுதலுக்குள் பந்து எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும். 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இது பதக்க ஆட்டம். 2018இல் நம் நாட்டு ஆண்கள் அணி இதில் வெண்கலம் வென்றது.

இதன் பழைய வடிவில் வலை கிடையாது. வட்டமாக நின்று பிரம்புப் பந்தை உதைப்பார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான் மன்சூர் ஷா காலத்தில் நடந்ததாக 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. முதன்மை அமைச்சர் துன் பேராக்கின் மகன் உதைத்த பந்து, அவ்வழியே வந்த இளவரசர் ராஜா முஹம்மதின் தலைப்பாகையில் பட்டு அது கீழே விழுந்தது. அந்தக் கோபத்தில் அமைச்சரின் மகன் குத்திக் கொல்லப்பட்டார். அமைச்சரின் ஆட்கள் ஆயுதங்களோடு திரண்டார்கள். மகனைப் பறிகொடுத்த அத்தாவே அவர்களைத் தடுத்து நிறுத்தினார். சுல்தானும் தம் பிள்ளைதானே என்று மூடி மறைக்கவில்லை. மகனைப் பஹாங்குக்கு அனுப்பிவிட்டார். மலாக்கா அரியணை அவருக்குக் கிடைக்காமலே போனது.

இதை ஏன் சொல்கிறோம்? போன வருடம் இதே மைதானத்தில் ஒரு பந்து ஒரு பிள்ளையின் முகத்தில் பட்டது. கை ஓங்கினார்கள். பிள்ளைகள் மறுவாரமே சேர்ந்து ஆடினார்கள். ஆனால் இரண்டு குடும்பத்துப் பெரியவர்கள் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதும் இன்றுவரை ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் பங்கும் இதில் உண்டு; அன்றே இரு வீட்டுக்கும் போய்ப் பேசாமல் தள்ளிப்போட்டோம்.

மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பந்தில் கை படாமல் ஆடக் கற்க வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். சக மனிதன் மீது கை படாமல் இருக்கவும் பயிற்சி வேண்டும். அதைப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

அந்த இரு குடும்பத்தாரும் இப்போது சபையில் இருக்கிறார்கள். முதல் பரிசை அவர்கள் இருவருமே சேர்ந்து கொடுக்க வேண்டும் என்று பணிவோடு அழைக்கிறோம்.