கணினிப் படிப்பும் நம் பிள்ளைகளும்

(சங்கக் கிளையின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எஸ்.பி.எம். முடித்த பிள்ளையைத் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் சேர்க்கலாமா என்று பெற்றோர் பலர் நம்மைக் கேட்கின்றனர். "அது நமக்கு எட்டாத வித்தை" என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வேண்டாம்.

அப்படிப்பில் முதலாவது, நிரல் எழுதுதல். நாம் பால் வெட்டுவது எப்படி? கோட்டுப்பாலை உரி; பட்டையைச் சீவு; மங்கை வை; அடுத்த மரத்துக்குப் போ. நிரை முடியும் வரை இதையே செய். மழை பெய்தால் வெட்டாதே. இப்படிப் படிப்படியாகக் கட்டளை எழுதுவதே நிரல். ஒரு படியை நாம் விட்டுவிட்டால் கணினியும் விட்டுவிடும்.

இரண்டாவது, தரவுத்தளம். கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தை நாம் அறிவோம். பெயர், நாள், பால் எடை என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதையே கணினிக்குள் அமைத்து, கேட்டதைக் கேட்ட நொடியில் எடுக்கச் செய்வதுதான் இது. அந்தப் புத்தகத்தில் ஓர் எண் பிசகினால் நம் சம்பளம் குறைந்தது. படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தோம். இன்று கணக்கு கணினிக்குள் போய்விட்டது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை நம் வீட்டிலும் வேண்டாமா?

இவற்றோடு கணினிகளை இணைக்கும் வலையமைப்பு, கணிதம், ஆங்கிலம் ஆகியவையும் உண்டு. வேலையிடப் பயிற்சியும் உண்டு. இரண்டு முதல் மூன்று ஆண்டு பிடிக்கும். சேருவதற்குப் பொதுவாக எஸ்.பி.எம். தேர்வில் மூன்று கிரெடிட் வேண்டும். அதில் ஒன்று கணிதமாக இருக்கவேண்டும். ஆகவே இடைநிலைப் பள்ளியில் கணிதத்தைக் கைவிட விடாதீர்கள்.

இப்பொழுது ஓர் எச்சரிக்கை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு கல்லூரியில் கட்டியது. படிப்பு முடியும் தறுவாயில்தான் அதற்கு அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. இருபது ஆண்டு வியர்வை வீணாயிற்று! அந்தத் தாயின் கண்ணீரை நாம் மறக்கவில்லை.

பளபளப்பான விளம்பரத்தை நம்பாதீர்கள். 2007-இல் அமைந்த மலேசியத் தகுதி முகவாண்மை, அங்கீகரித்த படிப்புகளின் பதிவேட்டை வைத்திருக்கிறது. எவரும் பார்க்கலாம். அதில் பெயரைப் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது. அரசாங்கப் பாலிடெக்னிக்குகளை முதலில் நாடுங்கள். 1969-இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்தான் இந்நாட்டின் முதல் பாலிடெக்னிக். இன்று பல மாநிலங்களில் அவை உள்ளன, கட்டணமும் குறைவு.

மனு எழுதத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். அதற்குத்தான் சங்கம் இருக்கிறது. கூலிக்காக ஒன்று சேர்ந்த நாம், கல்விக்காகவும் ஒன்று சேர்வோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!