மயிரிழைக் கோடும் பருங்கோடும்

(அச்சுத்தொழில் பயிலும் இளைஞரிடையே நிகழ்த்திய உரை)



நூலைக் கையிலெடுப்பவர் கருத்தைப் பார்க்கின்றார், எழுத்தைப் பார்ப்பதில்லை. அவ்வாறிருக்க, எழுத்தையே நின்று பார்க்கச் செய்தவர் இத்தாலி நாட்டுப் பார்மா நகரின் சியாம்பட்டிசுதா போதோனி. அவர்தம் எழுத்தின் அமைப்பையும், அஃது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் பற்றிப் பேச விழைகின்றேன்.

போதோனி 1740-இல் சலுட்சோ என்னும் ஊரில் அச்சுத்தொழிலர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். உரோம் நகரில் திருச்சபையின் பன்மொழி அச்சகத்தில் தொழில் தேர்ந்தார். பின்னர், பிர்மிங்காம் நகரத்துப் பாசுக்கர்வில் என்னும் அச்சறிஞரைக் காண இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர், நோயுற்றுத் தம் ஊரிலேயே தங்க நேர்ந்தது. அந்நிலையில், 1768-இல் பார்மாக் கோமகன் தம் அரசு அச்சகத்தை நடத்த அவரை அழைத்தார். 1813-இல் இறக்கும்வரை 45 ஆண்டுகள் அவ்வூரே அவர்க்கு உலகமாயிற்று.

அவ்வெழுத்தின் அமைப்பு யாது? நேர்கோல்கள் நன்கு பருத்திருக்கும். இணைப்புக் கோடுகளோ மயிரிழை போன்றிருக்கும். இவ்விரண்டிற்கும் இடையே படிப்படியான இறக்கம் அரிது. காலடியிலும் தலையிலும் உள்ள குறுங்கோடுகள் வளைவின்றித் தட்டையாக ஒட்டி நிற்கும். வட்ட எழுத்தொன்றை நோக்குங்கள்: இருபக்கமும் பருமன், உச்சியும் அடியும் இழை. பழைய அகன்ற முனைத் தூவல் சாய்வாகப் பிடிக்கப்பட்டதால், பழைய அச்செழுத்துகளில் பருமன் சாய்ந்து விழும். கூர்முனைத் தூவலோ அழுத்தினாற் பருக்கும், விட்டால் மெலியும். போதோனியின் எழுத்து இப்பின்னதன் வழியினது. செப்புத் தகட்டில் செதுக்குவோரின் கைவண்ணமும் அதில் உண்டு.

இத்தகைய இழையை முரட்டுத் தாளில் அச்சிட இயலாது. பாசுக்கர்வில் தம் 1757-ஆம் ஆண்டு வெர்கில் பதிப்பில் மென்மையான தாளும் கருமை மிக்க மையும் கொண்டு காட்டிய வழியே பிறர்க்கு வாயிலாயிற்று. பாரிசில் திதோ குடும்பத்தாரும் 1780-களில் இவ்வகை எழுத்தையே ஆக்கினர். போதோனியோ எடுத்த எடுப்பில் இதை எட்டியவரல்லர். 1771-இல் அவர் வெளியிட்ட எழுத்துக்காட்டு நூலிற் பிரெஞ்சுக்காரர் பூர்னியேயின் சாயலே மிகுதி. தம் கைத்திறத்தை அவர் பின்னரே கண்டார். 1787-இல் அமெரிக்க அறிஞர் பிராங்கிளின், தாமும் அச்சுத்தொழிலராய் இருந்தவர், பாராட்டி மடல் எழுதினார். 1806-இல் இயேசு கற்பித்த வேண்டுதலை 155 மொழிகளில் போதோனி அச்சிட்டார். அவர் மறைந்தபின் 1818-இல் மனைவியார் மார்கெரித்தா, கணவரின் எழுத்துகளையெல்லாம் திரட்டி இரு மடலங்களாக வெளியிட்டார். கணவர் விட்டுச்சென்ற பணியை அவ்வம்மையார் முடித்திராவிடில், இன்று நாம் பேச இத்துணைச் சான்று இராது. அதன் முன்னுரையில் ஒழுங்கு, தூய்மை, நற்சுவை, எழில் என நான்கினை எழுத்தழகின் கூறுகளாகப் போதோனி கூறுகின்றார்.

இவ்வெழுத்தை வெறுத்தவரும் உண்டு. ஆங்கில நாட்டு வில்லியம் மோரிசு இதனைக் கடுமையாகச் சாடினார். பருங்கோடுகள் கண்ணைப் பறிக்க, இழைகள் மறைய, வரியெங்கும் வேலிக்கம்பிகள் நிற்பது போன்ற தோற்றம் எழுகின்றது என்பது இவ்வகை எழுத்தின்மேற் பலர் கூறுங் குறை. இக்குறையில் மெய் உண்டென்றே கருதுகின்றேன். ஆயினும் பழி முழுவதும் போதோனியைச் சாராது. அவர் ஒவ்வோர் அளவிற்கும் தனித்தனியே எஃகில் எழுத்தைச் செதுக்கினார்; அதனைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை வார்த்தார். ஆதலின் சிற்றெழுத்தில் இழையைச் சற்றே பருக்கவிட முடிந்தது. பிற்காலத்து ஒளியச்சுக் கோப்பில் ஒரே வரைவைச் சுருக்கியும் பெருக்கியும் பயன்படுத்தியபோதுதான் இழைகள் பொடிந்தன. இதனையுணர்ந்தோர் 1994-இல் பார்மாவின் மூலங்களை ஆய்ந்து 6, 12, 72 புள்ளி என மூன்று வேறு வரைவுகளை ஒரே எழுத்துருவுக்கு அமைத்தனர். ஆர்ப்பர்சு பசார் இதழுக்கென 1990-களின் தொடக்கத்தில் ஆக்கிய திதோ எழுத்துருவில் ஏழு வரைவுகள்!

வோகு முதலிய ஆடையணி இதழ்களின் தலைப்பு, நறுமணப் பொருள்களின் பெயர், இசையரங்கச் சுவரொட்டி ஆகியவற்றிற்கு இவ்வெழுத்து தகும். சுற்றிலும் வெண்மை வேண்டும். எழுத்து பெரிதாக வேண்டும். செய்தித்தாளின் சிற்றெழுத்துக்கோ, மருந்துப்பெட்டியின் எச்சரிக்கைக்கோ இதனைக் கொள்ளாதீர். அண்மையில் பொன்வண்ண மையில் அச்சிட்ட திருமண அழைப்பிதழ் ஒன்றைக் கண்டேன். மணமகள் பெயரிற் பாதிக்கோடுகளைக் காணவில்லை! அச்சிட்டவர்க்கு அஃது எழிலாகத் தோன்றியிருக்கும். படிக்க முயன்ற முதியவர்க்கு அவ்வாறு தோன்றவில்லை.

நம் எழுத்துக்கு இம்முறையைப் படியெடுக்க முனைவோர்க்கு ஒன்று கூறுவேன். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே பருமன் உடையது. பருத்தலும் மெலிதலும் தூவலும் அச்சும் தந்தவை. ஆங்கில நேர்கோலின் பருமனை ண, ஞ, ஊ போன்ற சுழிமிக்க எழுத்துகளில் அப்படியே ஏற்றினால், சுழி அடைபடும். அன்றேல் இழை அறும். எக்கோடு பருக்க வேண்டும் என்பதை அந்தந்தச் சுழியே நமக்குச் சொல்ல வேண்டும்.

மேசைமேல் ஒரே சொல்லை ஆறு புள்ளியிலும் எழுபத்திரண்டு புள்ளியிலும் அச்சிட்ட தாள்கள் உள்ளன. பக்கத்திற் பெருக்காடி இருக்கின்றது. முதலில் சிறியதைப் பாருங்கள். பின்னர் உங்கள் வினாக்களைக் கேளுங்கள்.